குழாய்க்குள் குழாய்: விண்வெளிக்குப் பொதுப்பணம் ஏன்?

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்று நம் வீட்டுப் பெரியோர் கூறக் கேட்டிருக்கிறோம். எவ்வளவு கொடுத்தோம் என்னும் கணக்கு கொடுத்தவனிடம் இருக்க வேண்டும் என்பது இப்பழமொழியின் பொருள். பணத்துக்கு மட்டுமின்றி, பட்டறையில் உலோகக் குழாயைக் கையில் எடுப்பவருக்கும் இவ்வறிவுரை பொருந்தும்.

இக்கட்டுரையில் இரண்டு அளவுகளைப் பற்றிக் காண்போம். ஒரு குழாய் மற்றொரு குழாய்க்குள் சரியாக அடங்குவதற்கு வேண்டிய அளவு ஒன்று. ஒரு நாடு தன் மக்களின் வரிப்பணத்தில் விண்வெளிக்கு ஒதுக்கத்தக்க அளவு மற்றொன்று. இவை இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பொருள்களாகத் தோன்றலாம். ஆயினும் 1969ஆம் ஆண்டிலும் 1973ஆம் ஆண்டிலும், அமெரிக்காவில் ஒரே மனிதரின் பட்டறையில் இவ்விரண்டும் வந்து சேர்ந்தன. அது எவ்வாறு என்பதை அறியுமுன், குழாயின் பாடத்தை முதலில் கற்போம்.

நாம் அன்றாடம் காணும் குழாய்கள்

மூன்று மடிப்புக் குடையின் காம்பைப் பாருங்கள். கைப்பைக்குள் அடங்கும் அக்காம்பு, இழுத்தால் முழ நீளத்துக்கு மேல் நீள்கிறது. டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஏரியல், புகைப்படக்காரரின் முக்காலி, மிதிவண்டியின் இருக்கையைத் தாங்கும் கம்பி ஆகிய யாவும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. பெரிய குழாய்க்குள் சிறிய குழாய், அதற்குள் இன்னும் சிறியது என்று அமைந்திருக்கும். சுருங்கினால் சிறிய இடம் போதும். நீண்டால் பெரிய வேலை செய்யும்.

பழங்கால அறிவியல் கருவிகளிலும் இந்த அமைப்பு உண்டு. ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1665ஆம் ஆண்டு ‘மைக்ரோகிராஃபியா’ என்னும் நூலை வெளியிட்டார். அவருடைய நுண்ணோக்கியின் குழாய் ஆறேழு அங்குல நீளமே உடையது. ஆனால் அதற்குள் நான்கு இழுப்புக் குழாய்கள் இருந்தமையால், வேண்டும்போது வெகுவாக நீட்ட முடிந்தது. அக்கருவியின் வழியாகத் தக்கையின் மெல்லிய சீவலைப் பார்த்து, அதில் தென்பட்ட சிறு அறைகளுக்கு அவர் இட்ட பெயரே இன்று நாம் உயிரியல் பாடத்தில் படிக்கும் ‘செல்’ என்பது.

நுழைவின் கணக்கு

ஒரு குழாயை வெட்டி அதன் வாயை உற்றுப் பார்த்தால் மூன்று அளவுகள் தெரியும். வெளிவிட்டம், உள்விட்டம், சுவரின் கனம் என்பன அவை. சுவர் இரு பக்கமும் இருப்பதால் கனத்தை இரு மடங்காக்கிக் கழிக்க வேண்டும்.

உள்விட்டம் = வெளிவிட்டம் − (2 × சுவரின் கனம்)

இந்த உள்விட்டத்தைவிட, உள்ளே செல்லும் குழாயின் வெளிவிட்டம் சிறிதளவு குறைவாக இருத்தல் வேண்டும். அந்தச் ‘சிறிதளவு’தான் பாடத்தின் உயிர். இடைவெளி மிகக் குறைந்தால் குழாய் இறுகிக் கொள்ளும், மிகுந்தால் ஆடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். வெளிக்குழாய் 1 அங்குலம், அதாவது 25.40 மில்லிமீட்டர். உள்ளே செல்ல வேண்டியது முக்காலே அரைக்கால் (7/8) அங்குலக் குழாய், அதாவது 22.23 மில்லிமீட்டர். வெளிக்குழாய் 16 கேஜ் தகட்டால் ஆனது என்று கொள்வோம். அதன் கனம் 1.626 மில்லிமீட்டர். அவ்வாறாயின் உள்விட்டம் 22.15 மில்லிமீட்டரே. உள்ளே செல்ல வேண்டியது 0.08 மில்லிமீட்டர் பெரியது. சுத்தியலால் அடித்தாலும் நுழையாது.

மெல்லிய 18 கேஜ் குழாயை எடுத்தால் கனம் 1.22 மில்லிமீட்டர், உள்விட்டம் 22.96 மில்லிமீட்டர். இப்போது முக்கால் மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி வந்துவிடுகிறது. குழாய் நுழையும், ஆனால் கடகடவென்று ஆடும். சுவரின் கனம் 1.47 மில்லிமீட்டராக இருந்தால் இடைவெளி 0.23 மில்லிமீட்டர். குழாய் வழுக்கிச் செல்லும். ஆட்டமும் பெரிதாக இராது. வானொலி ஏரியல்களைத் தாமே கட்டிக்கொள்ளும் அமெரிக்க அன்பர்கள், எட்டில் ஒரு பங்கு அங்குலமாக ஏறிச் செல்லும் அலுமினியக் குழாய்களில் இந்தக் கனத்தையே தேடி வாங்குவர்.

ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் குழாய்கள் கடையில் எளிதில் கிடைப்பதில்லை. தண்ணீர் கொண்டு செல்லவோ பாரம் தாங்கவோ செய்யப்பட்ட குழாய்களே மிகுதி. ‘அரை அங்குலக் குழாய்’ என்று விற்கப்படும் இரும்புத் தண்ணீர்க் குழாயின் வெளிவிட்டம் 21.3 மில்லிமீட்டர், அரை அங்குலமோ 12.7 மில்லிமீட்டர்தான்! ஆகையால் பெயரை நம்பாமல் வெர்னியர் காலிபரை நம்ப வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. தகட்டை வளைத்துப் பற்றவைத்த குழாயின் உட்புறத்தில் நீளவாக்கில் ஒரு மேடு ஓடும்; கணக்கு சரியாக இருந்தும் அம்மேடு தடுத்துவிடும். அறுத்த வாயில் பிசிறு நின்றால் அரத்தால் தேய்த்து நீக்க வேண்டும். நீட்டிய நிலையிலும் சிறிய குழாயின் ஒரு பகுதி பெரியதற்குள்ளேயே தங்க வேண்டும். அப்பகுதி குறைந்தால் இணைப்பு தொய்யும். வெப்பத்தையும் மறத்தலாகாது. வெப்பம் ஏறினால் அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். எனவே எஃகுக் குழாய்க்குள் அலுமினியக் குழாயை மிக இறுக்கமாகப் பொருத்தினால், வெயிலில் அது மேலும் இறுகும்.

நிலவில் ஒரு திரைச்சீலைக் கம்பி

ஜாக் கின்ஸ்லர் என்பவர் 1941ஆம் ஆண்டு விமான ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் மாதிரிகள் செய்யும் தொழிலாளராகச் சேர்ந்தவர். கல்லூரிப் பட்டம் பெறாதவர். பின்னர் ஹூஸ்டன் நகரில் உள்ள நாசா மையத்தின் பட்டறைகளுக்குத் தலைவரானார்.

1969ஆம் ஆண்டு அப்போலோ 11 புறப்படுவதற்குச் சில மாதங்களே இருந்தபோது, நிலவில் கொடியை நாட்டும் வழியைப் பற்றி அவரிடம் ஆலோசனை கேட்டனர். நிலவில் காற்றில்லை, கம்பத்தில் கட்டிய கொடி தொங்கிவிடும். கின்ஸ்லருக்குத் தம் தாயார் சன்னல் திரைகளின் மேல் விளிம்பை மடித்துத் தைத்து, அதனுள் கம்பியைச் செலுத்தித் தொங்கவிட்டது நினைவுக்கு வந்தது. அவ்வாறே கொடியின் மேல் விளிம்பு மடித்துத் தைக்கப்பட்டது. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அலுமினியக் குழாய்கள் குறுக்குக் கம்பியாயின. கொடியின் விலை 5 டாலர் 50 சென்ட். குழாய்களின் விலை ஏறக்குறைய 75 டாலர்.

1969 ஜூலை 20 அன்று நிலவில் இறங்கிய ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் அக்குறுக்குக் கம்பியை இழுத்தனர். அது முழுவதும் நீளவில்லை. அதனால் கொடியில் சுருக்கங்கள் விழுந்தன. காற்றில் அசைவதுபோல் அக்கொடி படங்களில் தோன்றுவதற்கு இதுவே காரணம். ‘காற்றில்லாத நிலவில் கொடி எப்படி அசைந்தது?’ என்று கேட்போருக்கு, நீளாத ஒரு குழாயே விடை.

அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு விதி செய்தது. முழுவதும் அமெரிக்க அரசின் பணத்தில் நடைபெறும் பயணங்களில், நிலவிலோ வேறு கோளிலோ அமெரிக்கக் கொடியையே நாட்ட வேண்டும் என்பது அவ்விதி. யார் பணம் என்னும் கேள்வி கொடிக்கம்பம் வரைக்கும் சென்றுவிட்டதைக் காண்கிறோம்.

பசித்தோரின் கேள்வி

அக்கேள்வியை வேறு சிலரும் கேட்டனர். அப்போலோ 11 புறப்படுவதற்கு முந்தைய நாள், 1969 ஜூலை 15 அன்று, ரால்ஃப் அபர்நாத்தி என்னும் போதகர், கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகளோடும் ஏழைக் குடும்பங்களோடும் ஏவுதளத்தின் வாயிலுக்கு வந்தார். மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் அவர். நாட்டில் இத்தனை பேர் உணவும் உடையும் மருத்துவமும் இன்றி வாடும்போது நிலவுக்கு இவ்வளவு செலவா என்று கேட்டார். நாசாவின் தலைவர் தாமஸ் பெயின் திறந்தவெளியில் அவர்களைச் சந்தித்தார். மறுநாள் பொத்தானை அழுத்தாமல் இருப்பதால் வறுமை தீருமானால் அழுத்தமாட்டோம் என்று மறுமொழி கூறினார். அபர்நாத்தி விண்வெளி வீரர்களுக்காக இறைவனிடம் வேண்டுவதாகவும் சொன்னார். அக்குடும்பங்களிற் சிலர் மறுநாள் ஏவுதலைக் காண அனுமதிக்கப்பட்டனர்.

அடுத்த ஆண்டு அதே கேள்வி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஜாம்பியா நாட்டின் கப்வே நகரில் தொண்டாற்றிய மேரி ஜுகுண்டா என்னும் கன்னியாஸ்திரீ, நாசாவின் அறிவியலார் எர்ன்ஸ்ட் ஸ்டூலிங்கருக்குக் கடிதம் எழுதினார். உலகில் எத்தனையோ குழந்தைகள் பட்டினியால் மடியும்போது, செவ்வாய்ப் பயணத்துக்காகக் கோடிக்கணக்கான டாலர்களைச் செலவிடலாம் என்று எவ்வாறு கூறுகிறீர்கள் என்பதே அவர் வினவியது. பட்டினிக் குழந்தைகளின் நடுவே வாழ்ந்தவர் கேட்ட கேள்வி அது.

ஸ்டூலிங்கர் 1970 மே 6 அன்று நீண்ட பதில் எழுதினார். அதில் ஒரு கதை சொன்னார். ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன், ஜெர்மனியின் ஒரு சிற்றூரில் ஏழைகளுக்கு வாரி வழங்கும் பிரபு ஒருவர் இருந்தார். ஒரு நாள், கண்ணாடித் துண்டுகளைத் தேய்த்து வில்லைகளாக்கி, அவற்றைக் குழாய்களில் பொருத்தி, சின்னஞ்சிறு பொருள்களைப் பார்த்து மகிழும் ஒரு மனிதரைக் கண்டார். அவரைத் தம் மாளிகைக்கு அழைத்து வேலையைத் தொடரச் செய்தார். கொள்ளைநோயால் துன்புற்ற ஊரார், “எங்களுக்குத் தர வேண்டிய பணத்தை வீண் விளையாட்டில் செலவிடுகிறாரே!” என்று சினந்தனர். பிரபு ஏழைகளுக்குக் கொடுப்பதையும் நிறுத்தவில்லை, அம்மனிதரையும் கைவிடவில்லை. அவ்வேலையின் பயனாகப் பிற்காலத்தில் நுண்ணோக்கி உருவாயிற்று. கொள்ளைநோய்களை ஒழிப்பதற்கு அது பெருந்துணை ஆயிற்று என்பது கதையின் முடிவு.

அக்கடிதத்தில் கணக்கும் இருந்தது. அவ்வாண்டு அமெரிக்க அரசின் செலவில் விண்வெளிக்குச் சென்றது நூற்றுக்கு 1.6 பங்கே என்றார் ஸ்டூலிங்கர். விண்வெளிப் பணத்தை வெட்டிவிட்டால் அது தானாகவே பசித்தோரிடம் போய்ச் சேர்ந்துவிடாது என்றும் எடுத்துரைத்தார். வானிலிருந்து பயிர்களையும் நிலத்தையும் பார்க்கும் துணைக்கோள்கள் உணவு உற்பத்திக்கு உதவும் என்று கூறினார். இரண்டே ஆண்டுகளில், 1972 ஜூலையில், பிற்காலத்தில் லாண்ட்சாட் என்று பெயர் பெற்ற வரிசையின் முதல் துணைக்கோள் ஏவப்பட்டது.

பிரபுவின் கதை அழகியது. ஆயினும் நாம் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். குழாயில் வில்லை பொருத்துவோர் எல்லாரும் நுண்ணோக்கியைக் கண்டுபிடிப்பதில்லை. பிரபு செலவிட்டது தம் சொந்தப் பணம். அரசு செலவிடுவது ஊரார் பணம். ஆகையால் ஊரார் கேள்வி கேட்பது முறையே. அதற்குப் பதில் சொல்வது பணம் பெற்றவரின் கடமை. சகோதரியின் கேள்வியை ஸ்டூலிங்கர் அலட்சியம் செய்யாமல் பக்கம் பக்கமாகப் பதில் எழுதியது அக்கடமையைச் செய்ததே ஆகும்.

விண்வெளியில் விரிந்த குடை

1973 மே 14 அன்று ஸ்கைலாப் என்னும் அமெரிக்க விண்வெளி நிலையம் ஏவப்பட்டது. அதற்கு ஆன செலவு 200 கோடி டாலருக்கு மேல். ஏவிய ஏறக்குறைய ஒரு நிமிடத்திலேயே, வெயிலைத் தடுக்கும் வெளிக்கவசம் பிய்த்துக்கொண்டு போயிற்று. அத்துடன் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் தரும் இரு சிறகுகளில் ஒன்றும் போயிற்று. மற்றொன்று ஓர் உலோகப் பட்டையில் சிக்கிக்கொண்டது. நிலையத்தின் உள்ளே வெப்பம் 50 டிகிரி செல்சியசைக் கடந்தது. உணவும் மருந்தும் புகைப்படச் சுருளும் கெட்டுவிடும் என்னும் அச்சம் எழுந்தது. மறுநாள் செல்லவிருந்த வீரர்களின் பயணம் பத்து நாள்கள் தள்ளிவைக்கப்பட்டது.

நிலையத்தின் வெயில் படும் பக்கத்தில், கருவிகளை வெளியே நீட்டுவதற்காகச் சாண் அகலமே உள்ள ஒரு சதுர வாயில் இருந்தது. அதன் வழியாக ஒரு குடையை வெளியே தள்ளி விரித்தால் என்ன என்று கின்ஸ்லர் எண்ணினார். ஹூஸ்டனில் உள்ள ஒரு விளையாட்டுப் பொருள் கடையிலிருந்து, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மீன்பிடி தூண்டில் கோல்களை வாங்கி வரச் செய்தார். அவற்றின் நுனியில் மெல்லிய பாராசூட் துணியைக் கட்டி, ஒரு குழாய்க்குள் சுருக்கி வைத்து, வெளியே இழுத்துக் காட்டினார். குடை விரிந்தது, மேலதிகாரிகளும் இசைந்தனர்.

அடுத்த ஆறு நாள்கள் பட்டறை இரவும் பகலும் இயங்கியது. தூண்டில் கோல்களுக்குப் பதிலாக அலுமினியக் குழாய்கள் வந்தன. ஒவ்வொன்றும் அடுத்ததற்குள் வழுக்கிச் செல்ல வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. வெயிலில் ஒரு பக்கம் காய்ந்தாலும் இறுகக் கூடாது. துணி, நைலானும் அலுமினியம் பூசிய மெல்லிய படலமும் சேர்ந்தது. விரிந்த குடையின் ஒரு பக்கம் ஏறக்குறைய 7 மீட்டர். ஹன்ட்ஸ்வில் நகரில் உள்ள மார்ஷல் மையத்திலும் வேறொரு நிழல்துணி உருவாயிற்று. அங்கே தையற்காரப் பெண்கள் அமர்ந்து அதைத் தைக்கும் படம் இன்றும் உள்ளது. ஸ்டூலிங்கர் பணியாற்றிய மையமும் அதுவே.

மே 25 அன்று பீட் கான்ராட், ஜோசப் கெர்வின், பால் வைட்ஸ் ஆகிய மூவரும் புறப்பட்டனர். மறுநாள் அச்சிறு வாயில் வழியாகக் குடையைத் தள்ளி விரித்தனர். வெப்பம் மெல்ல இறங்கத் தொடங்கியது. சில நாள்களில் நிலையம் மனிதர் வாழத்தக்க இடமாயிற்று. ஜூன் 7 அன்று கான்ராடும் கெர்வினும் வெளியே சென்று, குழாய்த் துண்டுகளை இணைத்து நீட்டிய கோலின் முனையில் பொருத்திய வெட்டுங்கருவியால் அப்பட்டையை அறுத்துச் சிறகை விடுவித்தனர். தைத்த நிழல்துணியும் வீணாகவில்லை. ஆகஸ்டு மாதம் இரண்டாம் குழுவினர் அதைக் குடையின் மேல் கட்டினர்.

செலவும் பயனும்

மூன்று குழுவினர் ஸ்கைலாபில் முறையே 28, 59, 84 நாள்கள் தங்கினர். மொத்தம் 171 நாள்கள். சூரியனை அவர்கள் எடுத்த படங்கள் அறிவியலாருக்குப் பெரும் புதையலாயின. நெடுநாள் எடையின்றி வாழ்ந்தால் எலும்புக்கும் தசைக்கும் என்ன நேர்கிறது என்பதும் அளக்கப்பட்டது. 1979 ஜூலை 11 அன்று ஸ்கைலாப் பூமியை நோக்கி வீழ்ந்தது. அந்நாள்களில் நம் நாட்டுச் சிற்றூர்களிலும், ‘தலைமேல் விழுமோ’ என்னும் கிலி பரவியதைப் பெற்றோர் சிலரும் தாத்தா பாட்டியரும் நினைவுகூர்வர். துண்டுகள் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தன. எஸ்பெரன்ஸ் என்னும் ஊர் மன்றத்தார், தங்கள் மண்ணில் குப்பை கொட்டியதாக அமெரிக்காவுக்கு 400 டாலர் அபராதச் சீட்டு எழுதினர்!

200 கோடி டாலருக்கு மேல் செலவான நிலையத்தைக் காத்தவை சில அலுமினியக் குழாய்களும் ஒரு துணியுமே. பெரிய திட்டத்துக்குப் பணம் ஒதுக்குவது நாடாளுமன்றத்தின் வேலை. அப்பணம் வீணாகாமல் காப்பதோ, பல சமயம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை மதித்து அளக்கும் தொழிலாளியின் வேலை.

நம் நாட்டுக் கணக்கு

சகோதரி ஜுகுண்டாவின் கேள்வி நமக்கும் உரியது. 2023-24ஆம் ஆண்டு இந்திய அரசின் வரவு செலவுத் திட்டம் ஏறக்குறைய 45 லட்சம் கோடி ரூபாய். அதில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது ஏறக்குறைய 12,544 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் 100 ரூபாய்க்கு 28 காசு. அமெரிக்காவில் 1966இல் 100 டாலருக்கு 4 டாலருக்கு மேல் நாசாவுக்குச் சென்றது. அண்மை ஆண்டுகளில் அது அரை டாலருக்கும் கீழே உள்ளது.

28 காசுக்கு என்ன பெற்றோம்? 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் அதே கரையை ஃபைலின் புயல் தாக்கியபோது, துணைக்கோள் படங்களையும் பிற கருவிகளையும் கொண்டு முன்கூட்டியே பாதை கணிக்கப்பட்டது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. இதில் துணைக்கோளுக்கு மட்டும் புகழ் சேர்க்கலாகாது. புயற்காப்பு இல்லங்களும், வீடு வீடாகச் சென்று எச்சரித்தோரும் இல்லையேல் வானத்துப் படம் வெறும் படமே.

2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கி புயல் இதை நமக்குக் கடுமையாகக் கற்பித்தது. ஆழ்கடலுக்குச் சென்றிருந்த குமரி மாவட்ட, கேரள மீனவர் பலர் வீடு திரும்பவில்லை. வானத்தில் துணைக்கோள்கள் இருந்தன. ஆனால் கரைக்கு அப்பால் வெகுதொலைவில் இருந்த படகுகளுக்குச் செய்தி சென்று சேர வழியில்லை. குழாய்கள் இரண்டும் தனித்தனியே நன்றாக இருந்தும் ஒன்றுக்குள் ஒன்று சேரவில்லை என்று இதைச் சொல்லலாம். அதன் பின்னர், துணைக்கோள் வழியாகப் படகுக்கே செய்தி அனுப்பும் கருவிகளை இஸ்ரோ உருவாக்கியது. அவை மீன்பிடி படகுகளில் பொருத்தப்பட்டும் வருகின்றன. பொதுப்பணத்தின் பயனைக் கடைசிப் படகு வரை சென்று அளக்க வேண்டும்.

ஆகவே மாணவியரே, ‘விண்வெளிக்கு ஏன் பணம்?’ என்று ஒருவர் கேட்டால் அவரை அறிவியலின் பகைவர் என்று எண்ணாதீர்கள். ‘விண்வெளிக்குப் பணம் வேண்டும்’ என்பவரை ஏழையின் பகைவர் என்றும் எண்ணாதீர்கள். இருவரையும் ஒரு தாளும் எழுதுகோலுமாக அமரச் செய்யுங்கள். எவ்வளவு கொடுத்தோம், எதைப் பெற்றோம், யாருக்கு இன்னும் சேரவில்லை என்று எழுதச் சொல்லுங்கள்.

செய்து பார்க்க

1. ஒரு குழாயின் வெளிவிட்டம் 20 மில்லிமீட்டர். சுவரின் கனம் 0.9 மில்லிமீட்டர். அதற்குள் 18 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள குழாய் நுழையுமா? இடைவெளி எவ்வளவு?

2. வீட்டில் பழுதான மூன்று மடிப்புக் குடை இருந்தால், பெரியோரின் அனுமதி பெற்று அதன் காம்பைக் கழற்றுங்கள். ஒவ்வொரு குழாயின் வெளிவிட்டத்தையும் வெர்னியர் காலிபரால் அளந்து அட்டவணை இடுங்கள். அடுத்தடுத்த குழாய்களுக்கு இடையே எவ்வளவு குறைகிறது என்று காணுங்கள்.

3. இவ்வாண்டின் மத்திய அரசு வரவு செலவுத் திட்டத்தைச் செய்தித்தாளில் பார்த்து, 100 ரூபாயில் விண்வெளிக்கு எத்தனை காசு, பள்ளிக் கல்விக்கு எத்தனை, மருத்துவத்துக்கு எத்தனை என்று கணக்கிடுங்கள். அவ்விடையை இரவு உணவின்போது பெற்றோருக்குப் படித்துக் காட்டி, அது போதுமா, மிகுதியா, குறைவா என்று அவர்கள் கருத்தைக் கேட்டு எழுதி வாருங்கள்.